கறுப்பு ஷீட்டின் ஓரம்

தோட்டத்தில் சின்னதாக ஒரு குளம் அமைக்கிறவர்களுக்குக் கடைசியில் வந்து நிற்கிற பிரச்சினை ஓரம்தான். குழி தோண்டுவது ஒரு நாள் வேலை. ஷீட் விரித்துத் தண்ணீர் விடுவது இன்னொரு நாள். மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்தால் தண்ணீரைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை, பிளாஸ்டிக் ஷீட்டின் ஓரம். அது கண்ணில் பட்டபிறகு குளம் குளமாகத் தெரியாது. தண்ணீர் நிரப்பிய பெரிய பை ஒன்றை மண்ணில் இறக்கி வைத்திருப்பது போலத்தான் தெரியும்.

திண்டிவனம், மயிலம் பக்கத்தில் இந்தக் காட்சி இப்போது அபூர்வமில்லை. சென்னை நெடுஞ்சாலையில் கூட்டேரிப்பட்டில் திரும்பினால் மயிலம், அதைத் தாண்டிப் போனால் புதுச்சேரி. இரண்டு நகரத்திலும் வேலை பார்க்கிறவர்கள் வார இறுதிக்கென்று நிலம் வாங்கிப்போடுகிற வட்டாரம். கொஞ்சம் மா, கொஞ்சம் தென்னை, நடுவில் அல்லி பூக்கிற ஒரு குளம் என்று ஆசைப்படுகிறார்கள். பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் போகும்.

“மேஸ்திரி, இந்தப் பிளாஸ்டிக் வெளிய தெரியக் கூடாதுங்க.”

“தெரியாம பண்ணிடலாம் சார். சுத்தியும் கல்லு அடுக்கிட்டா முடிஞ்சது.”

“வெளிய தெரியக் கூடாது” என்கிற அந்த வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒன்றைத் தெரியாமல் செய்வது எப்போது பொய்யாகிறது? ஒரு முழம் பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கேள்வியா என்று தோன்றலாம். அரசாங்கம் மறைப்பது, குடும்பம் மறைப்பது, காதலில் மறைப்பது என்று பேச ஆரம்பித்தால் நமக்கு ஏற்கெனவே ஒரு கட்சி இருக்கிறது, யோசனை சீக்கிரம் நின்றுவிடுகிறது. குளத்து ஓரத்தில் நமக்குக் கட்சி கிடையாது. நிதானமாகப் பார்க்கலாம்.

*

முதலில், ஓரம் ஏன் தெரிகிறது?

ஒரு காரணம் மட்டம். தண்ணீர் எப்போதும் மட்டமாக நிற்கும். நிலம் அப்படி இல்லை. கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற தரையில்கூட பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு இருக்கும். ஒரு பக்கம் தண்ணீர் வழியத் தயாராக இருக்கும்போது எதிர்ப்பக்கம் இரண்டு அங்குலம் பிளாஸ்டிக் வெளியே நிற்கும். இதற்குத்தான் கொத்தனார்கள் கண்ணாடி போன்ற டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பிடிக்கிறார்கள். இன்னொரு காரணம் வெயில். கத்திரி நாட்களில் ஒரு வாரம் தண்ணீர் விடாமல் இருந்தால் மட்டம் இரண்டு மூன்று விரற்கடை இறங்கிவிடும். அப்போது முதல் நாள் தெரியாத ஓரமும் தெரியும்.

பழைய கோயில் குளங்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அங்கே ஓரம் என்பதே படிகள். தண்ணீர் இறங்க இறங்க இன்னொரு படி வெளியே வரும், அவ்வளவுதான். மழை இல்லாத வருஷத்தில் அடிப்படி வரைக்கும் தெரிந்தாலும் குளம் அம்மணமாக நிற்பதில்லை. தண்ணீர் குறையும் என்பதை முன்னாலேயே கணக்கில் எடுத்துக்கொண்டு கட்டிய ஓரம் அது. எதையும் மறைக்க வேண்டிய தேவையே அதற்கு வரவில்லை.

ஆனால் படித்துறையை நேர்மைக்கு உதாரணமாகச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில், அம்பேத்கர் தலைமையில் தலித் மக்கள் சவ்தார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். அந்தக் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி அதற்கு முன்பே தீர்மானம் போட்டிருந்தது. குளத்தின் கரை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தபடிதான் கிடந்தது. யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்ற கோடு மட்டும் எந்தக் கல்லிலும் தெரியவில்லை. இறங்கிய பிறகு விழுந்த அடியில்தான் அது தெரிந்தது. ஆக, கண்ணுக்குத் தெரிகிற ஓரம் என்பதாலேயே அது உண்மையைச் சொல்கிறது என்று ஆகிவிடாது.

*

இப்போது எதிர்வாதத்தைப் பார்க்கலாம். நம் வயதுக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடித்த வாதம்: எதற்கு மறைக்கணும்? பிளாஸ்டிக்கில் செய்த குளம் என்றால் பிளாஸ்டிக் தெரியட்டும். இயற்கை மாதிரி நடிக்கிற குளத்தைவிட, தான் செயற்கை என்று ஒத்துக்கொள்கிற தொட்டி மேல். சிமெண்டுப் பூச்சு இல்லாத செங்கல் சுவர், ஃபில்டர் போடாத முகம் எல்லாம் இதே மனநிலைதான்.

இந்த வாதத்துக்குப் பலமான சாட்சி இம்மானுவேல் காண்ட். 1790இல் வெளிவந்த ‘தீர்ப்புத் திறனின் விமர்சனம்’ நூலில் அவர் ஒரு விடுதிக்காரரைப் பற்றிச் சொல்கிறார். கிராமத்துக் காற்று வாங்க வந்த விருந்தாளிகளுக்கு நைட்டிங்கேல் பறவையின் பாட்டைக் கேட்க ஆசை. பக்கத்தில் அந்தப் பறவை இல்லை. விடுதிக்காரர் குறும்புக்காரப் பையன் ஒருவனைப் புதருக்குள் ஒளித்துவைத்து, நாணல் குழலை ஊதி அதே மாதிரி பாட வைக்கிறார். விருந்தாளிகள் மயங்கிப் போகிறார்கள். ஆனால் பாடுவது பையன் என்று தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் யாரும் அந்தப் பாட்டை ரொம்ப நேரம் கேட்க மாட்டார்கள் என்கிறார் காண்ட். சத்தம் ஒன்றேதான், ஒரு சுரம் மாறவில்லை. ஆனாலும் மனம் விலகிவிடுகிறது.

இது உண்மை என்று நமக்குத் தெரியும். நெடுஞ்சாலை உணவகத் தோட்டங்களில் சிமெண்டில் செய்து பெயிண்ட் அடித்த பாறைகள் இருக்கும். தூரத்தில் பார்க்க நன்றாக இருக்கும். பக்கத்தில் போய் விரலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் கேட்கும். அதற்கப்புறம் அந்த அருவியைப் பார்க்கத் தோன்றாது.

ஆனால் காண்டின் உதாரணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பையன் எத்தனை இரவு ஊதினாலும் பறவையாக மாறப்போவதில்லை. குளத்து ஓரத்தை மறைக்கிற எல்லா வேலையும் அந்தப் பையன் வேலைதானா?

*

மயிலத்துக்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டருக்குள், மரக்காணம் பக்கத்தில் கழுவேலி இருக்கிறது. உப்பும் நல்லதும் கலந்த தண்ணீர் நிற்கிற பெரிய சதுப்பு. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பரப்பு 5,000 ஹெக்டேருக்கும் மேல். அங்கே போய் “கரை எங்கே?” என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். மழைக்காலத்தில் தண்ணீர் இருந்த இடத்தில் கோடையில் மாடு மேயும். முதலில் புல், அப்புறம் ஈரப் புல், அப்புறம் கோரை, அப்புறம் கோரைக்கு நடுவில் தண்ணீர், அப்புறம்தான் வெறும் தண்ணீர். ஓரம் என்று ஒரு கோடு அங்கே இல்லை. அகலமான ஓர் இடம் இருக்கிறது. கொக்கும் உள்ளானும் இரை தேடுவது அந்த இடத்தில்தான்.

நம் தோட்டக் குளத்தின் பிரச்சினை இங்கே வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கிறது. பிளாஸ்டிக் தெரிகிறது என்பது வெளி அடையாளம்தான். அகலமாக இருக்க வேண்டிய ஓர் இடத்தை நாம் ஒரு கோடாகக் குறுக்கிவிட்டோம். செங்குத்தாக வெட்டிய குழியில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் புல்தரை, நடுவில் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத ஷீட். தவளை வந்தால் ஏற முடியாது. குருவி வந்தால் நின்று குடிக்க இடமில்லை.

ஆக, மறைப்பதிலும் இரண்டு வகை வந்துவிடுகிறது. கோட்டை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் எதையாவது போட்டு மூடுவது ஒரு வகை. சிமெண்டுப் பாறை அப்படித்தான். இன்னொரு வகையில், ஓரத்தில் ஒன்றரை அடி அகலத்துக்கு ஆழமில்லாத ஒரு தட்டு விட்டு, ஷீட்டை அதன்மேல் படுக்க வைத்து, கூழாங்கல்லும் மணலும் பரப்பி, வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் சேம்பும் நட வேண்டும். ஆறு மாதத்தில் பிளாஸ்டிக் எங்கே இருக்கிறதென்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அது மட்டும் இல்லை. தும்பி வந்து முட்டையிடும். தவளை கத்தும். அந்தத் தவளையை யாரும் காசு கொடுத்துப் புதருக்குள் உட்கார வைக்கவில்லை. மறைப்பாக ஆரம்பித்தது நிஜமான கரையாக ஆகிவிட்டது. அடியில் ஷீட் இருப்பது தெரிந்தபிறகும் அந்தத் தவளைச் சத்தத்தைக் கேட்க நமக்கு ஆசை குறைவதில்லை.

இந்த வித்தியாசத்தை மயிலத்துக்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கத் தேவையில்லை. அவர்கள் மலையின் கதையிலேயே இருக்கிறது. சூரபத்மன் போர்க்களத்தில் கடலுக்குள் மாமரமாக உருமாறி நின்றான். அது தப்பிக்கப் போட்ட வேஷம், வேல் அதைப் பிளந்தது. மயிலத்துத் தலபுராணத்தில் அதே சூரன் மயில் வடிவ மலையாக நின்று தவம் செய்கிறான், முருகனைச் சுமக்கிற வாகனமாக வேண்டுமென்று. முதல் உருவம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்தது. இரண்டாவது, தான் என்னவாக ஆக வேண்டுமோ அதற்காக எடுத்தது. கதையை நம்புகிறோமோ இல்லையோ, ஒரே ஆளின் இரண்டு உருமாற்றத்துக்கும் இரண்டு விதமான மதிப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்பது முக்கியம்.

*

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை ரொம்ப அழகாக முடிந்துவிடும். ஆனால் ஓரத்தை மறைப்பதில் உயிர் போகிற விஷயமும் இருக்கிறது.

2019 அக்டோபர் கடைசியில், தீபாவளி சமயத்தில், மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நாலு நாள் தமிழ்நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. அதற்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே, 2010இல், இப்படி விழுகிற குழந்தைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் வழிமுறைகள் கொடுத்திருந்தது. அதில் ஓர் அளவு வருகிறது. கிணற்றுக் குழாயைச் சுற்றி சிமெண்டு மேடை கட்ட வேண்டும். அது தரைக்குக் கீழே 30 சென்டிமீட்டர், தரைக்கு மேலே 30 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மேலே இருக்க வேண்டிய அந்த 30 சென்டிமீட்டரை யோசித்துப் பாருங்கள். ஓரம் என்று ஒன்று இருக்கிறதென்பதை நடந்து வருகிறவரின் காலுக்குச் சொல்வதற்காகச் சட்டம் கேட்கிற உயரம் அது.

குளத்திலும் இதே ஆபத்து உண்டு. ஷீட்டின் ஓரத்தை மறைக்கச் சாதாரணமாகச் செய்வது, தட்டைக் கல்லைத் தண்ணீருக்கு மேல் இரண்டு அங்குலம் நீட்டி வைப்பது. பார்க்க நன்றாக இருக்கும். கல்லின் பெரும்பகுதி மண்ணில் பதிந்து, கலவையில் உட்கார்ந்திருந்தால் தப்பில்லை. சும்மா அடுக்கி வைத்திருந்தால் குழந்தை நுனியில் கால் வைத்ததும் கல் கவிழும். செடியும் அப்படித்தான். தண்ணீர் தொடங்குகிற இடத்தில் அடர்த்தியாகப் பரவி, பச்சைத் தரை மாதிரியே காட்டிக்கொண்டு, கீழே நேராக மூன்றடி ஆழம் என்றால் அந்தப் பச்சையை அழகு என்று சொல்ல முடியாது. வயல்களில் ஷீட் விரித்த பண்ணைக்குட்டைகளில் வேறு மாதிரி ஆபத்து. அங்கே ஓரம் நன்றாகவே தெரியும், ஆனால் சரிவான ஈர பிளாஸ்டிக்கில் பாசி பிடித்திருக்கும். நீச்சல் தெரிந்தவர்கூட உள்ளே விழுந்தால் பிடித்து ஏற எதுவும் கிடைக்காது. ஒரு கயிறோ வலையோ கட்டித் தொங்கவிடுவதற்குப் பெரிய செலவு ஆகாது.

அதனால் மறைக்கிறோம் என்பதற்கு முன்னால் எதை மறைக்கிறோம் என்று கேட்க வேண்டும். “இது மனுஷன் செய்த குளம்” என்பதை மறைப்பது ஒன்று. “தண்ணீர் இங்கே தொடங்குகிறது” என்பதை மறைப்பது வேறொன்று. முதலாவதை நம்பி ஏமாந்தவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. இரண்டாவதை நம்பியவர் விழுவார். வள்ளுவர் ‘வாய்மை’ அதிகாரத்தைத் தொடங்கும்போது, வாய்மை என்பதற்கு நடந்ததை நடந்தபடி சொல்வது என்று விளக்கம் கொடுக்கவில்லை. பிறருக்குத் தீமை தராத சொல் என்றுதான் சொல்கிறார். அந்த அளவுகோலைக் குளத்தில் வைத்தால், கூழாங்கல் சரிவு பிளாஸ்டிக்கை முழுக்க மறைத்தாலும் உண்மையான ஓரம். கால் வைத்தால் கணுக்கால் நனையும், அடுத்த அடியில் முழங்கால் நனையும், ஆழம் வருகிறதென்று அதுவே சொல்லிவிடும்.

*

பிறருக்குத் தீமை இல்லாமல் என்று சொல்லியாகிவிட்டது. அந்தப் ‘பிறர்’ யார்?

இயற்கை மாதிரி தோட்டம் அமைப்பதைப் பெரிய கலையாக்கியவர் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ‘கேப்பபிலிட்டி’ பிரவுன். பிரபுக்களின் நிலங்களில் ஓடைகளை அணைகட்டித் தடுத்து ஏரியாக்குவார். ஏரி எங்கே முடிகிறது என்பது தெரியாதபடி முனையை வளைத்து, மரக்கூட்டத்துக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டுவிடுவார். பார்க்கிறவர்களுக்கு ஆறு அப்படியே போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றும். மறைக்கிற கலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. யாரும் விழவும் இல்லை. அதே காலத்தில் டார்செட்டில் மில்டன் பிரபு தன் மாளிகைக்குப் பிரவுனை வைத்து நிலத்தை அழகுபடுத்தினார். மாளிகைக்குப் பக்கத்தில் பழைய ஊர் ஒன்று இருந்தது. ஜன்னலிலிருந்து பார்த்தால் ஊர் தெரிந்தது. ஊரை இடித்தார்கள். மக்களைக் கொஞ்ச தூரத்தில் புதிதாகக் கட்டிய ஒரே மாதிரி வீடுகளுக்கு அனுப்பினார்கள். மில்டன் அபாஸ் என்ற அந்தப் புது ஊரை இன்று சுற்றுலாக்காரர்கள் போய்ப் படம் எடுக்கிறார்கள். ஓரத்தில் தெரியக் கூடாதது அங்கே பிளாஸ்டிக்காக இல்லை. மனிதர்களாக இருந்தது.

நம் தோட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கலாம். மேஸ்திரி சொன்னாரே, சுற்றியும் கல் அடுக்கலாம் என்று. அந்தக் கல் எங்கிருந்து வருகிறது? தூரத்திலிருந்து வரவேண்டியதில்லை. மயிலத்துக்குப் பக்கத்துத் திருவக்கரை, கோடிக்கணக்கான வருஷத்துக் கல்மரங்களுக்குப் பேர்போன ஊர். அதைச் சுற்றிக் கல்குவாரிகள் இருக்கின்றன. நெடுஞ்சாலைக்கு ஜல்லியும் வீட்டுக்கு அஸ்திவாரக் கல்லும் தோட்டத்துக்கு அழகுக் கல்லும் இந்த மாதிரிக் குவாரிகளில்தான் உடைபடுகின்றன. கல்லை எடுத்த இடத்தில் பள்ளம் விழுகிறது. மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. பார்க்க நீலமாக, தோட்டக் குளத்தைவிட அழகாகவே இருக்கும். கைவிட்ட பள்ளத்துக்கு வேலி வேண்டும் என்பது விதி. வேலி இல்லாத பள்ளத்தின் ஓரத்தில் வேலிக்காத்தான் வளர்ந்து விளிம்பை மூடிவிடும். குளிக்கப் போன பசங்க, ஆடு மேய்க்கப் போனவர்கள் என்று குவாரிக் குட்டைச் சாவுச் செய்திகள் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கோடையிலும் வருகின்றன.

ஒரு தோட்டத்தின் இருபதடி ஓரத்தை மூட ஒரு லோடு கல் போதும். அந்த ஒரு லோடால் ஒரு குவாரிப் பள்ளம் உண்டாகிவிட்டது என்று சொன்னால் அது மிகை. ஆனால் கணக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரிகிறது. இங்கே ஓர் ஓரம் மறைந்து பத்திரமாகிறது. அங்கே ஓர் ஓரம் திறந்து, தானாகப் புதரில் மறைகிறது. இங்கே விழுந்தால் கணுக்கால் நனைவதற்கு ஏற்பாடு செய்துவிட்டோம். அங்கே விழுகிறவருக்கு எந்த ஏற்பாடும் இல்லை. நம் குளத்து ஓரத்தில் நின்று பார்த்தால் அங்கே விழுகிறவர் தெரிய மாட்டார். அவரையும் சேர்த்து ‘பிறர்’ என்று சொல்கிறோமா என்பதுதான் கேள்வி.

*

இதைப் படித்துவிட்டுக் குளம் வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. மழைத்தண்ணீர் நிற்கிற எந்த இடமும் இந்த வட்டாரத்துக்கு நல்லதுதான். ஷீட்டை வெயிலில் விட்டால் சில வருஷத்தில் வெடித்துப்போகும் என்பதால், அதை மூடுவது குளத்தின் ஆயுளுக்கும் நல்லது. எப்படி மூடுவது என்பதில்தான் விஷயம்.

வேலை தெரிந்தவர்கள் கவனிக்கிற நுணுக்கம் ஒன்று உண்டு. ஓரத்தை மறைக்கிறேன் என்று தண்ணீருக்குள்ளிருந்து வெளித்தரை வரைக்கும் மண்ணையோ சாக்கையோ ஒரே தொடர்ச்சியாகப் போட்டுவிட்டால், விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அது தண்ணீரை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். குளம் தினமும் இறங்கும். வீட்டுக்காரர் ஷீட்டில் ஓட்டை தேடுவார், ஓட்டை இருக்காது. மறைப்பே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும். அதனால் எவ்வளவு கல், எவ்வளவு செடி போட்டாலும், உள்ளே எங்கோ ஓரிடத்தில் ஷீட்டின் நுனி தண்ணீர் மட்டத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்க வேண்டும். யாருக்கும் தெரிய வேண்டாம், ஆனால் இருக்க வேண்டும். உள்பக்கம் ஈரம், வெளிப்பக்கம் தரை என்ற பிரிவு அந்த இரண்டு அங்குலத்தில்தான் நிற்கிறது.

நாணல், சம்பு மாதிரி கூரான கிழங்குவேர் ஓடுகிற செடிகளை ஷீட் மேல் நடாமல் இருக்கலாம். ஒரு பக்கமாவது குழந்தையும் அணிலும் ஏறி வர முடிகிற சரிவு விடலாம். புதுக் கல் வாங்குவதற்குப் பதில், இடித்த வீட்டுக் கல்லோ கிணறு தோண்டி மேலே கொட்டிக் கிடக்கிற கல்லோ கிடைக்குமா என்று மேஸ்திரியிடம் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் அவருக்கு ஓர் இடம் தெரிந்திருக்கும், விலையும் குறைவாக இருக்கும். பக்கத்தில் வேலி இல்லாத குவாரிக் குட்டை இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். அதற்கு ஒரு தாளும் ஓர் அரைநாளும் போதும். தோட்டத்துக் குளத்தின் ஓரத்துக்கு நாம் செலவழித்த யோசனையில் பாதி அந்தக் குட்டையின் ஓரத்துக்கும் போகட்டும்.